டோல்கேட் வந்தால் ஆஃப் ஆகும் வண்டி: 12 வருஷம், 1,38,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

மச்சினன் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டோவை அனுப்பி, "மாமா, உங்க வண்டி மாதிரியே கும்பகோணத்துல ஒண்ணு வருது. 2013 மாடல், சிங்கிள் ஓனர், ரெண்டு நாப்பது சொல்றாங்க. எடுக்கலாமா?" என்று கேட்டான். போனில் ரெண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அவனுக்காக எழுத ஆரம்பித்தது இது. இதே தொல்லையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவினாலும் நல்லது.

வண்டி நல்ல வண்டிதான். 2012-ல் புதிதாக எடுத்தேன். சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். ஏசி போட்டு ஹைவேயில் 18 கிலோமீட்டர் இன்றைக்கும் கொடுக்கிறது. கிளட்ச் பிளேட்டை முதல்முறை மாற்றியதே 92,000 கிலோமீட்டரில்தான். திருச்சி சித்திரை வெயிலில் மூன்று மணிநேரம் நிறுத்தி வைத்துவிட்டுப் போய் எடுத்தாலும் ஐந்தே நிமிஷத்தில் உள்ளே குளுகுளுவென்று ஆகிவிடும். இதையெல்லாம் மனசாரச் சொல்கிறேன்.

ஆனால் 1,12,000 கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு வியாதி வந்தது. வேகத்தைக் குறைத்து, கிளட்சை மிதித்து, வண்டி உருண்டு நிற்கப் போகும் நேரத்தில் இன்ஜின் அணைந்துவிடும்.

முதல்முறை சமயபுரம் டோல்கேட்டில். பெரம்பலூர் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தோம், பின் சீட்டில் அம்மா. வரிசையில் சேர நாற்பதிலிருந்து இருபதுக்கு இறங்கும்போது இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் 800-ல் நிற்காமல் கீழே போய்ப் படுத்துவிட்டது. டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பின்னால் ஒரு அரசுப் பேருந்து. பிரேக் பிடித்தது, ஆனால் இரண்டாவது மிதிக்கே பெடல் இறுகத் தொடங்கியது. பிரேக் மிதிக்குக் கைகொடுக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்கும். அதனால் இப்படி நடந்தால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஒரே அழுத்தாகப் பிடியுங்கள். பதற்றத்தில் சாவியைக் கடைசிவரை திருப்பி எடுத்துவிடவும் கூடாது, ஸ்டியரிங் லாக் விழுந்துவிடும்.

செல்ஃப் அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகும். ஒரு நிமிஷம் உடம்பு உதறுகிற மாதிரி நடுங்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். இதுதான் பெரிய சோதனை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் அங்கே ஒருநாளும் அணையாது.

என்னென்ன செய்தார்கள் என்று கேளுங்கள். முதலில் பெட்ரோல் சரியில்லை என்று டேங்கைக் காலி செய்தார்கள். பிறகு ஸ்பார்க் பிளக். பிறகு இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, பேட்டரியைக் கழற்றி மாட்டினார்கள். அதில் இரண்டு மாசம் நன்றாக ஓடியது, முடிந்தது கதை என்று நினைத்தேன். திரும்ப வந்தது. அடுத்து பெட்ரோல் பம்ப், 6,800 ரூபாய். கடைசியில் இசிஎம், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், போயிருக்கலாம், மாற்றினால் 31,000 ஆகும் என்றார்கள். "இருக்கலாம்" என்ற வார்த்தைக்கு 31,000 ரூபாய்.

பணத்தைக்கூட விட்டுவிடுவேன். அந்த சர்வீஸ் சென்டர் அட்வைசர் என் மனைவியிடம் சொன்னதை விட முடியவில்லை. "ஸ்கேனர்ல எரர் கோடு எதுவும் வரலை மேடம். நீங்க கிளட்சை முழுசா மிதிக்காம பிரேக் போடுறீங்க, அதான் ஆஃப் ஆகுது." பதினான்கு வருஷமாகக் கார் ஓட்டுகிறவள். காந்தி மார்க்கெட் நெரிசலில் மேட்டில் நிறுத்தி எடுப்பவள். அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு சிக்னலிலும் தன் இடது காலையே குனிந்து பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

அரியமங்கலம் பக்கம் ஒரு பட்டறை இருக்கிறது. தகரக் கொட்டகை, ஒரே ஒரு ஆள், அறுபது வயசு இருக்கும். அவர் பேனட்டைத் திறக்கவே இல்லை. "தம்பி, பிரேக் மிதிச்சா ஆஃப் ஆவுதா, கிளட்ச் மிதிச்சா ஆவுதா?" என்று கேட்டார். ரெண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தேன். கிளட்ச் மிதித்தால்தான். பிரேக் தொடாமல் நியூட்ரலில் உருள விட்டாலும் ஆகும். "அப்ப பிரேக் பூஸ்டருக்குப் போற ஓஸ் இல்லை, அதை விட்டுருவோம். வீட்டுலேருந்து கிளம்பி பால்பண்ணை சிக்னல்ல என்னிக்காச்சும் நின்னுருக்கா?" இல்லை. ஒருநாளும் இல்லை. அரைமணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டுக் குறைக்கும்போது மட்டும்தான்.

"ஹைவேல மட்டும் தொறக்கிற சாமான் ஒண்ணு இருக்கு" என்றார்.

அவர் சொன்னது ஈஜிஆர் வால்வு. சைலன்சருக்குப் போகும் புகையில் கொஞ்சத்தை எடுத்து மறுபடி இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும். புகை கலந்தால் எரியும் வெப்பம் குறையும், நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு குறைவாக உண்டாகும். ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்து சீராக ஓட்டும்போதுதான் இது நன்றாகத் திறக்கும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, முழுக்க மூடியிருக்க வேண்டும். ஏனென்றால் ஐடிலில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம், அதில் புகையும் கலந்தால் எரியாது, திணறி அணைந்துவிடும். ஓடும்போது சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருப்பதால் தெரியாது. கிளட்சை மிதித்த நொடியில் அந்தப் பிடிப்பு போய்விடுகிறது, இன்ஜின் தன் காலில் நின்றாக வேண்டும். அங்கேதான் விழுகிறது. த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தபோது ஐடிலுக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று கிடைத்து, அந்த இரண்டு மாசம் சமாளித்திருக்கிறது.

நான் சும்மா நம்பவில்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் மாட்டும் சின்ன புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி, போனில் மேனிஃபோல்ட் அழுத்தத்தை, அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் உள்ள அழுத்தத்தைப் பார்த்தேன். காலையில் வீட்டு வாசலில், இன்ஜின் சூடான பிறகு, ஏசி இல்லாமல் 32 கிலோபாஸ்கல். பாடாலூர் வரை ஹைவேயில் எண்பதில் ஒரே சீராக ஓட்டி, ஓரம்கட்டி நியூட்ரல் போட்டேன். 46. முள் 500-க்கும் 700-க்கும் நடுவே தவித்தது. த்ராட்டில் மூடியிருக்கும்போது அழுத்தம் இவ்வளவு ஏறினால் எங்கிருந்தோ ஏதோ உள்ளே வருகிறது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரை இரண்டு முறை உறுமவிட்டதும் மறுபடி 32-க்கு இறங்கிவிட்டது. அதை ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து அவரிடம் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

வால்வுக்கும் இன்ஜினுக்கும் நடுவே மெல்லிய தகடு வெட்டி வைத்து அடைத்தார். "ஒரு வாரம் ஓட்டிட்டு வா." ஒரு வாரம், மூன்று முறை சென்னை ரோடு, ஒருமுறைகூட அணையவில்லை. அதன்பிறகுதான் வால்வைக் கழற்றினார். ஊசி உட்காரும் இடத்தைச் சுற்றி, அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் ஒட்டியிருக்குமே, அப்படிக் கரி. நகத்தால் சுரண்டினால் மிளகு அளவு துணுக்குகளாகப் பெயர்ந்து வந்தது. ஏதோ ஒரு துணுக்கு நடுவில் சிக்கினால் வால்வு மயிரிழை திறந்தே நிற்கும். அது உதிர்ந்தால் வண்டி சரியாகிவிடும். சர்வீஸ் சென்டரில் அணையாததற்குக் காரணம் இதுதான்.

கூலி 700, கேஸ்கட் 180. மொத்தம் 880 ரூபாய்.

தகட்டை அப்படியே விட்டுவிடச் சொல்பவர்கள் நிறையப் பேர். பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடைப் பார்ப்பதில்லை, சான்றிதழ் கிடைத்துவிடும் என்பார்கள். நான் எடுத்துவிடச் சொன்னேன். அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் தெருப் பிள்ளைகள்தான். 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றித் துடைத்தால் போதும் என்கிறார் அவர், செய்துவிட்டுப் போகிறேன்.

என் கோபம் அந்த வால்வை வைத்த விதத்தின் மேல். இன்ஜினுக்குப் பின்னால், இன்ஜினையும் நாம் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் ஃபயர்வாலை ஒட்டி, கை நுழையாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அதை மூடச் சொல்லும், மூடியதா என்று திரும்பிப் பார்க்க என் வண்டியில் சென்சார் இல்லை. அதனால்தான் கோடு வரவில்லை. கோடு வராததால்தான் என் வீட்டில் ஒருத்தி மேல் பழி விழுந்தது. மெயின்டனன்ஸ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன், இந்த வால்வைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு வரி இல்லை.

சரி, மச்சினனுக்குப் பதில். எடுக்காதே. இன்ஜின் கெட்டி, ஏசி அருமை, மைலேஜ் உண்டு, மேலே எழுதிய எதையும் மாற்றிச் சொல்லவில்லை. என் வண்டியை நான் விற்கவும் போவதில்லை. ஆனாலும் உனக்கு வேண்டாம். கும்பகோணத்துக்காரர் ஊருக்குள் நாலு தெரு ஓட்டிக் காட்டுவார், அதில் இது தெரியவே தெரியாது. மீறி எடுப்பாயானால், தஞ்சாவூர் வரை ஒரே வேகத்தில் ஓட்டிப் போய், கிளட்சை மிதித்து உருளவிட்டு முள்ளைப் பார்.

பழுது சரியாகி 6,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஒருமுறைகூட நிற்கவில்லை. உன் அக்கா இன்னும் டோல்கேட் போர்டைப் பார்த்ததுமே ஏசியை அணைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.