கென்டக்கி சுருளா, ஃபெஸ்கியூ விதையா? ரொறன்ரோ வளவுக்கு எது தோது

ஏப்ரலில் ஸ்நோ கரைந்ததும் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்து முன்வளவுகள் பெரும்பாலும் ஒரே கோலத்தில் இருக்கும். வைக்கோல் நிறத்தில் படுத்த புல்லு, பனிப்பூஞ்சை பிடித்த வட்டங்கள், வீதியோரத்தில் உப்புப் பட்டுக் கருகிய ஒரு கீற்று. இதைத் திருத்த நினைப்பவர்கள் ஒன்றில் சொட் சுருள், அதாவது வளர்ந்த புல்லை வேர்மண்ணோடு வெட்டிச் சுருட்டியது, வாங்கி விரிக்கிறார்கள், அல்லது இருக்கிற புல்லுக்கு மேலேயே விதை தூவுகிறார்கள். ஒன்ராறியோவில் கிடைக்கும் சுருள் பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸ் என்ற புல்லு. நான் விதையைத் தேர்ந்தேன், அதிலும் டோல் ஃபெஸ்கியூ என்ற புல்லின் விதை. திரும்பவும் அதைத்தான் போடுவேன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வேகம் வேண்டுமென்றால் சுருள்தான். காலையில் விரித்தால் மாலையில் பச்சை வளவு. செலவைப் பார்த்தால் விதைக்குக் கிட்டவும் வராது. ஒரு சுருள் மூடுவது ஏறக்குறைய 10 சதுர அடி. ஆயிரம் சதுர அடிக்கு நூறு சுருள், அடியில் கொட்டுவதற்கு மண், அதற்கு மேல் கூலி. அதே இடத்துக்கு மேல்விதைப்பாக ஆறு இறாத்தல் ஃபெஸ்கியூ விதை போதும்.

எனக்கு முடிவைத் தந்தது ஜூலை மாதத் தண்ணீர். கென்டக்கிக்கு வேர் மேலோட்டம். மழையோ குழாயோ வாரத்துக்கு ஓர் அங்குலம் கொடுக்காவிட்டால், வெயில் ஏறியதும் அது உறங்கிப் பழுத்துவிடும். உடனே செத்துப்போகாது, குளிரும் மழையும் திரும்பினால் துளிர்க்கும். ஆனால் அது உறங்குகிற அந்த வாரங்களில்தான் கிராப்கிராஸ் என்ற களைப்புல்லு வந்து இடத்தைப் பிடிக்கிறது. ஃபெஸ்கியூ வேர் இரண்டு மூன்று அடி வரை இறங்கக்கூடியது. மேல்மண் காய்ந்த பிறகும் கீழே உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு நிற்கும். அயலில் எல்லாம் பழுத்துக் கிடந்தபோது என் வளவு மங்கிய பச்சையாகவேனும் இருந்தது. குழாயை நான் எப்போதாவதுதான் திறந்தேன், திறந்தபோது நிறையவே விட்டேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் எந்தப் புல்லும் வேரை மேலேயே வைத்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. புதுக் குடியிருப்புகளில் கனரக வாகனம் ஓடி இறுகிய களிமண்ணுக்கு மேல் சில அங்குலம் மேல்மண்ணை மட்டும் பரப்பி, அதன்மேல் சுருளை விரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த மண்ணுக்குள் ஃபெஸ்கியூ வேரும் இறங்காது. அதனால் விதைக்கு முன் மண்ணில் துளை போடும் ஏரேட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டி, கால் அங்குலம் கொம்போஸ்ட் பரப்புவது கட்டாயம். விதைக்காசை விட இதற்குக் காசு அதிகம் போனாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வேன்.

தண்ணீருக்கு அடுத்தது களை. ஒன்ராறியோவில் புற்றரை அழகுக்காக 2,4-டி போன்ற களைகொல்லிகளை அடிப்பது 2009 முதல் தடை. இரும்புச் சத்துள்ள ஒரு மருந்துக்கு அனுமதி இருக்கிறது. அது டாண்டிலயன் என்ற மஞ்சள் பூக் களையின் இலையைக் கருக்கும், வேர் பிழைத்துத் திரும்ப முளைக்கும், திரும்ப அடிக்கவேண்டும். ஆகவே நெருக்கமாக நிற்கும் புல்லைத்தான் நம்பவேண்டும். ஜூலையில் வெளிறிப்போகாத புல்லுக்கு இங்கேயும் கை ஓங்குகிறது. வெண்புழு விஷயத்திலும் இப்படித்தான். இரண்டு புல்லின் வேரையும் அது தின்னும். ஆனால் வேர் போன கென்டக்கியைப் பாய்போலச் சுருட்டி எடுக்கலாம், புழுவைத் தேடி வரும் ஸ்கங்கும் ரக்கூனும் அதைத்தான் செய்கின்றன. ஃபெஸ்கியூ கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். வீதியோர உப்பையும் அது கென்டக்கியை விட நன்றாகத் தாங்குகிறது.

வசந்தத்தில் விதைப்பதானால் அவசரப்படவேண்டாம். சேறாக இருக்கும் மண்ணில் நடந்தாலே அது இறுகும். காய்ந்தபின் பழைய புல்லை மெல்ல வாரி எடுத்து, மே முதல் பாதியில், மண்ணின் வெப்பம் 10 பாகைக்கு மேல் நிலைத்த பிறகு தூவுங்கள். முளைக்கும் வரை மேற்பரப்பு காயக்கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை தெரியும். களைக்கென்று விற்கும் கோர்ன் குளூட்டனை அந்தப் பருவத்தில் தொடவேண்டாம், அது நீங்கள் போட்ட விதையையும் வேர்விட விடாது. வெட்டும்போது மூன்று அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். உண்மையில் விதைக்கத் திறமான காலம் ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் நடுவரை. வசந்த விதைப்பு கோடைக்கு முன் வேர்விட ஓடும் ஓட்டம். கால்வாசி தோற்கும் என்று எண்ணிக் கொஞ்ச விதையை மிச்சம் வையுங்கள்.

கென்டக்கி வெல்லும் இடமும் உண்டு. அது நிலத்தடித் தண்டால் பரவுகிற புல்லு, ஓட்டை விழுந்தால் தானே மூடிக்கொள்ளும். ஃபெஸ்கியூ குத்துக் குத்தாக நிற்கும், வெற்றிடத்தில் நீங்கள்தான் விதை போடவேண்டும். பின்வளவில் பிள்ளைகள் நாள் முழுக்கக் கிரிக்கெட் அடிக்கும் வீடு, தண்ணீர் விட ஆளும் இருக்கிறார் என்றால் கென்டக்கி நியாயமான தெரிவு. பனிக்கட்டி நீண்டகாலம் மூடிக்கிடக்கும் ஒட்டாவா பக்கத்து வளவுகளை நான் பார்த்துப் பழகவில்லை. ஃபெஸ்கியூவுக்குப் பனிக்கட்டி ஒத்துக்கொள்ளாது என்பதால் அங்கே இருப்பவர்கள் முதலில் ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள்.

புல்லுக்குப் பதிலாகப் போடும் குளோவர் என்ற சிறு இலைச்செடி பற்றியும் கேட்கிறார்கள். அயல் வீட்டில் பார்த்த அளவில், உரமில்லாமல் கோடையிலும் பச்சையாக இருக்கிறது, பூக்கும்போது தேனீ வருகிறது. வெறுங்காலுடன் ஓடும் குழந்தைகள் இருந்தால் தேனீ கொட்டக்கூடும் என்பதையும் யோசியுங்கள்.

விதைப் பையை வாங்கும்போது உள்ளே என்ன என்று படியுங்கள். ‘வெயிலுக்கும் நிழலுக்கும்’ என்று விற்கும் பைகளில் பெரும்பாலும் கென்டக்கி, ரைகிராஸ், கிரீப்பிங் ரெட் ஃபெஸ்கியூ கலந்திருக்கும். ரெட் ஃபெஸ்கியூ மெல்லிய இலையுள்ள வேறு புல்லு, மர நிழலுக்குத்தான் நல்லது. பையில் ‘டோல் ஃபெஸ்கியூ’ என்றே இருக்கவேண்டும்.