உப்புக் காற்றில் ஆறு வருஷம்: வீட்டு வாசலிலேயே கார் பார்ட்ஸ் மாற்றிய அனுபவம்

சர்வீஸ் புத்தகத்தில் எல்லாமே கிலோமீட்டர் கணக்கு. வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வெட்டவெளியில் நிற்கும் காருக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. ஒரு பக்கம் கடற்காற்று, இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. இங்கே பார்ட்ஸ் தேய்கிற வேகத்தைவிடத் துருப்பிடித்து இறுகுகிற வேகம் அதிகம். ஒரு மாருதி ஹேட்ச்பேக்கை ஆறு வருஷம் வீட்டு வாசலிலேயே பிரித்துப் பூட்டியதில் உறுதியானவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அதிகம் கவனம் கேட்பது முன் பிரேக். வீலோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் பேட் சீக்கிரம் தேய்கிறது என்று மெக்கானிக்கிடம் போனால் புதுப் பேட் போட்டு அனுப்பிவிடுவார்கள், சில மாதத்தில் மறுபடி அதே புகார் வரும். பெரும்பாலும் கோளாறு, பேடுகளை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின்னில் (காலிப்பர் வழுக்கி நகரும் கம்பி) இருக்கும். பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. அது உள் பேடைத் தள்ளும்போது, காலிப்பர் இரண்டு பின்கள் மேல் வழுக்கி வந்து வெளிப் பேடையும் டிஸ்க்கோடு அழுத்த வேண்டும். பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலே ஈரமும் உப்பும் உள்ளே இறங்கிவிடும். இந்த ஸ்லைடு பின் இறுகினால் காலிப்பர் நகராது, உள் பேட் மட்டும் தேயும். கழற்றிய பேட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே 3 மி.மீ., வெளியே 7 மி.மீ. மிச்சம் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்லைடு பின்தான். ஓட்டி வந்தவுடன் ஒரு வீல் மட்டும் கைவைக்க முடியாத சூட்டில் இருப்பதும், வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் இதே கோளாறின் அடையாளமாக இருக்கலாம்.

வேலைக்கு முந்தின நாள் ராத்திரியே காலிப்பர் போல்ட்டுகளில் பெனெட்ரேட்டிங் ஆயில் அடித்து ஊற விடுங்கள், டிஸ்க் மேல் படாமல். இந்த ஊர்த் துருவுக்குப் பத்து நிமிஷம் ஊறினால் போதாது. ஊறாத போல்ட்டை ஓப்பன் ஸ்பேனரால் திருகினால் தலை உருண்டுவிடும். ஆறு பக்க பாக்ஸ் ஸ்பேனர் மட்டுமே போடுங்கள். வீல் நட்டை, வீல் தரையில் இருக்கும்போதே கால் திருகு தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக்கி ஏற்றுங்கள். பின் வீலுக்கு முன்னும் பின்னும் கருங்கல். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். கழற்றிய வீலையும் கதவுக்குக் கீழே ஓடும் பாடி விளிம்புக்கு அடியில் படுக்க வையுங்கள். தெரு மணலாகவோ சரிவாகவோ இருந்தால் அங்கே இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

காலிப்பரைத் தூக்கியதும் பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள், கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டுங்கள். இரண்டு பின்னில் ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கலாம், மேலே கீழே மாற்றிப் போட்டால் மறுபடி இறுகும். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னைத் துணியால் துடைத்து, லேசான துரு என்றால் நைஸ் எமரி ஷீட்டால் தேய்க்கலாம். நகத்தை ஓட்டினால் குழி தட்டுப்பட்டால் புதுப் பின்தான். ரப்பர் உறையை மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், கிட் விலை பேட் விலையில் சிறு பங்குதான்.

கிரீஸ் விஷயத்தில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸை இதில் தடவினால் ரப்பர் ஊதிப்போய்ப் பின்னைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் வேண்டும், அதுவும் மெல்லிய பூச்சாக. துளைக்குள் திணித்தால் காற்று அடைபட்டு, ஸ்லைடு பின் வெளியே தள்ளிக்கொண்டே வரும். சரியாகப் போட்ட ஸ்லைடு பின்னை விரலால் தள்ளினால் உள்ளே போகும், விட்டால் மெதுவாகக் கொஞ்சம் எழும்பும்.

பழைய பேடை வைத்து சி-கிளாம்ப்பால் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டேங்க் நிரம்பி வழியும். ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சிவிட்டு ஆரம்பியுங்கள். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், உரித்துவிடும். எல்லாம் பூட்டி முடித்து, வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலை இறுகும்வரை மிதிப்பது மிக முக்கியம். முதல் மிதி தரை வரை போகும், அந்த நிலையில் வண்டியை எடுத்தால் நிற்காது. வீல் நட்டை மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். பல மாருதி ஹேட்ச்பேக்குகளுக்கு அது 85 நியூட்டன் மீட்டர். ஸ்பேனர் மேல் ஏறி மிதித்து முறுக்கினால் மரை போகும். பிறகு ஞாயிறு விடியற்காலையில் காலி ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து நடுத்தர அழுத்தத்தில் எட்டு, பத்து முறை வேகம் குறைத்தால் பேட் படிந்துவிடும்.

எங்கள் அனுபவத்தில் வருஷத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஜனவரியில், பேட் தேயாவிட்டாலும் பின்னை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்ய ஆரம்பித்த பிறகு இரண்டு பேடும் ஒரே அளவில் தேய்கின்றன. வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தேங்கிய தண்ணீரில் ஓட்டிய வண்டி என்றால் ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம். மறுநாளே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவிப் பயனில்லை. மழை நாட்களில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் காலையில் பின் வீலின் டிரம் பிரேக் ஒட்டிக்கொள்ளும், சமதரையில் கியரில் நிறுத்திக் கல் வைப்பது நல்லது.

அடுத்தது லிங்க் ராட், அதாவது வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரை சஸ்பென்ஷனோடு இணைக்கும் தண்டு. மணலி விரைவுச் சாலைப் பள்ளங்களில் மெதுவாகப் போகும்போது முன்னால் 'டொக் டொக்' என்று கேட்டால் ஷாக் அப்சார்பருக்குச் செலவழிக்கும் முன் இதைப் பாருங்கள். ரப்பர் கிழிந்து உள்ளே மணல் போயிருக்கும். மேலே ஒரு நட், கீழே ஒரு நட். திருகும்போது நடுத்தண்டும் சேர்ந்து சுற்றும், அதனால் அதை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நட்டை ரிங் ஸ்பேனரால் திருப்ப வேண்டும். இரண்டு பக்க வீலையும் தூக்கிவிட்டுச் செய்தால் ஸ்டெபிலைசர் பாரில் முறுக்கு இருக்காது, ராட் கையோடு வரும். ஜோடியாக மாற்றுவதே சரி.

பேட்டரி டெர்மினலில் பூக்கும் பச்சை வெள்ளைப் பூச்சுக்கு வெந்நீரும் சமையல் சோடாவும் போதும். மைனஸ் முதலில் கழற்றி, கடைசியில் மாட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் முழு சார்ஜ், இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஏர் ஃபில்டரைப் புத்தகம் சொல்வதற்கு முன்பே, 5,000 கி.மீ.க்கு ஒருமுறை திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் கூடாது, ரெடிமிக்ஸ் கூலன்ட் வாங்குங்கள்.

பார்ட்ஸ் வாங்க அண்ணாசாலை பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய பேடைக் கையோடு கொண்டுபோங்கள், ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் கிளிப் மாறும். பேட், லிங்க் ராட் போன்றவற்றை மாருதி ஜெனுவின் பெட்டியில் ஹாலோகிராம் பார்த்தோ, பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா, ராணே மாதிரித் தெரிந்த கம்பெனியிலோ பில்லோடு வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய கண்ணாடி, டோர் ஹேண்டில், பம்பர் தாராளமாக எடுக்கலாம். பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழையதில் எடுக்காதீர்கள்.

முன் வீலை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை மாற்ற பிரஸ் மெஷின் வேண்டும், முடித்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும்போது தெறித்தால் உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டையும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். புது லோயர் ஆர்மை நீங்களே வாங்கிக் கொடுத்து, புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக, வண்டி வீலில் நிற்கும்போது முறுக்கச் சொல்லுங்கள். வீல் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே வேலை செய்து சீக்கிரம் கிழிந்துவிடும்.