80 நட்டும் ஒரு டார்க் ரெஞ்சும்: மூன்று வருட அனுபவம்

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவரிடம் டார்க் ரெஞ்ச் (நட்டை அளவு வைத்து முறுக்கும் ஸ்பானர்) வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார். மூன்று வருடம் முன்பு நானும் சிரிக்கிற கூட்டத்தில்தான் இருந்தேன். என்னுடையது 12 சக்கர வண்டி. சேலத்து ஜவ்வரிசியை நாக்பூர் பக்கம் இறக்கிவிட்டு, கிடைத்த லோடை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். முன் டயர் இரண்டையும் புதுசாகப் போட்ட நாளில் ஆரம்பித்தது இந்தச் செலவெல்லாம். 295/90 ஆர்20 ரேடியல், டியூப் உள்ளது.

60-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறும். கிருஷ்ணகிரி போய்ச் சேர்வதற்குள் கை மரத்துவிடும். டயர் போட்ட கடையிலேயே மெஷினில் ஏற்றி பேலன்ஸ் பார்த்தார்கள். இடது டயருக்கு மட்டும் 350 கிராம் ஈயம் அடித்தார்கள். லாரி டயருக்கு அது பெரிய எடை இல்லை என்றார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 300 கிராம் குறையே 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏழு தடவை, தடவைக்குச் சுமார் 14 கிலோ விசையில் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். 40-இல் அதில் கால்பங்குதான். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாமல் போவது அதனால்தான்.

ஈயம் அடித்த பிறகு உதறல் பாதி குறைந்தது, போகவில்லை. பிறகு சங்ககிரியில் ஒரு வயதான பட்டறைக்காரர் மெஷின் பக்கமே போகாமல் டயரின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். டயரின் பக்கவாட்டில், டிஸ்க்கை (டயர் உட்காரும் இரும்புச் சக்கரத்தை) ஒட்டி, மெல்லிய வட்டக்கோடு ஒன்று அச்சிலேயே வந்திருக்கும். அந்தக் கோட்டுக்கும் டிஸ்க் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். என் டயரில் ஒரு பக்கம் விரல் நுழைந்தது, எதிர்ப்பக்கம் நகம்கூட நுழையவில்லை. சோப்புத் தண்ணீர் தடவாமல் காய்ந்த டயரை அப்படியே ஏற்றிக் காற்றடித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. அவர் காற்றை முழுக்க இறக்கி, சோப்புத் தடவி, திருப்பி உட்கார வைத்தார். மறுபடி மெஷினில் போட்டபோது 120 கிராம் போதுமாக இருந்தது. கோணலாக உட்கார்ந்த டயரை ஈயம் நேராக்காது என்பது அன்று காசு கொடுத்துக் கற்ற பாடம்.

பேலன்ஸ் பற்றி என் அபிப்பிராயம்: முன் டயருக்குக் கட்டாயம் செய்யுங்கள். பின்பக்க ஜோடிக்கு நான் செய்வதில்லை. ரீட்ரேட் (தேய்ந்த டயருக்குப் புது ரப்பர்) போட்டு, ஓவர்லோடு ஏற்றி, நடுவில் கல் மாட்டி ஓடுகிற டயருக்கு அது வீண் செலவு. சண்டைக்கு வருபவர்கள் வரலாம். முன் டயரின் பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர்) குழி குழியாகத் தேயாமல் ஒரே சீராகத் தேய்ந்ததில் எனக்குப் போட்ட காசு வந்துவிட்டது.

இனி ரெஞ்ச். அந்தப் பெரியவர் முன் சக்கர நட்டைக் கழற்றவே படாதபாடு பட்டார். எங்கள் பக்கம் முறுக்கும் முறை எல்லோருக்கும் தெரியும்: வீல் ஸ்பானரில் பைப்பைச் செருகி, கிளீனர் தம்பி ஏறி நின்று குதிப்பான். 60 கிலோ ஆள் ஒரு மீட்டர் தள்ளி அசையாமல் நின்றாலே முறுக்கு விசை ஏறக்குறைய 590 நியூட்டன் மீட்டர். கனரக வண்டியின் 22 மி.மீ. போல்ட்டுக்குக் கேட்கிற அளவே பெரும்பாலும் 600-ஐ ஒட்டித்தான் இருக்கும் (உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள்). அவன் குதித்தால் எங்கே போய் நிற்கும்? போல்ட் லேசாக நீண்டு, மறுபடி சுருங்கப் பார்க்கிற அந்த இழுவைதான் டிஸ்க்கை டிரம்மோடு கவ்விப் பிடிக்கிறது. அளவு மீறி இழுத்தால் போல்ட் தளர்ந்து நீண்டுவிடும், பிடி போய்விடும்.

இரண்டு ரீட்ரேட் போடுகிற காசுக்கு 1,000 நியூட்டன் மீட்டர் வரை போகிற, அளவு வந்ததும் 'கிளிக்' என்கிற ரெஞ்ச் வாங்கினேன். ஆந்திராவில் ஒரு பஞ்சர் கடையில் நம்ம ஊர்ப் பையன் ஒருவன், "ஏனுங்கண்ணா, போல்ட் அழுவற வரைக்கும் முறுக்கோணும், இது கிளிக்குன்னதும் விட்டுறோணுமா?" என்று கேட்டான். ஆமாம் தம்பி, விட்டுவிட வேண்டும்.

வாங்கிய பலன் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) சமயத்தில் தெரிந்தது. எஃப்.சி.க்குப் போகும் முன் டிஸ்க்குக்கெல்லாம் பெயிண்ட் அடித்தோம். பெயிண்டர் தாராளமானவர், டிரம்மில் படிகிற முகத்திலும் தடிமனாகப் பூசிவிட்டார். மாட்டி முறுக்கி 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வழக்கம்போல ரெஞ்ச் வைத்தேன். பின்பக்கம் ஒரு சக்கரத்தில் பத்தில் ஏழு நட் கிளிக் அடிப்பதற்கு முன்பே நன்றாகத் திரும்பின. நடுவில் இருந்த பெயிண்ட் நசுங்கி மெலிந்ததும் போல்ட்டின் இழுவை போய்விட்டது. அன்று பார்க்காமல் விட்டிருந்தால் துளை நீள்வட்டமாகித் துருக்கோடு ஒழுகும்போதுதான் தெரிந்திருக்கும். இப்போது படியும் முகங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத்தான் ஏற்றுகிறேன். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுமுறுக்கு. எதிரெதிராக வைத்தால் பத்து நட்டுக்குப் பத்து நிமிடம் ஆகாது.

குறைகள் இல்லாமல் இல்லை. ரெஞ்ச் என் தோள் உயரம், டூல் பாக்ஸில் நுழையாது. வேலை முடிந்ததும் அளவை ஆகக் குறைந்த குறி வரை இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் கெடும். வருடம் ஒருமுறை அளவு சரிபார்க்க வேண்டும். அதற்குக் கோவைக்கு அனுப்பி ஒரு வாரம் காத்திருக்கிறேன். அவசரத்தில் யாராவது இதையே நட் கழற்ற எடுத்தால் எனக்குக் கோபம் தலைக்கேறும்.

கூடவே வாங்கிய, நட்டின் மேல் மாட்டுகிற மஞ்சள் பிளாஸ்டிக் அம்புகள், 80 நட்டுக்கு 80 (பின்பக்க ஜோடி டயருக்குச் சேர்த்துப் பத்து நட்தான்). பக்கத்து அம்புகள் ஒன்றையொன்று பார்க்கும்படி மாட்டினால், நட் நகர்ந்ததும் அம்பு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டீ குடிக்க நிறுத்தும்போது ஒரு சுற்று நடந்தால் போதும். எதிர்பாராத இன்னொரு உபயோகமும் உண்டு. தொப்பூர் இறக்கம் முடிந்து நிறுத்தியபோது ஒரே சக்கரத்தில் மட்டும் அம்புகள் உருகித் தொங்கின. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. பார்க்கிங்கில் பிடுங்கிப் போகிறவர்கள் புண்ணியத்தில் இதுவரை 30 அம்புக்கு மேல் மறுபடி வாங்கியாகிவிட்டது.

லாக் ரிங் டிஸ்க் (டயரைத் தனி இரும்பு வளையம் பிடித்து நிறுத்துகிற வகை) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ரெஞ்சையும் அம்பையும்விட முக்கியம். சக்கரத்தை உள்ளே வைத்துக் காற்றடிக்கிற இரும்புக் கூண்டு இல்லாத கடையில் நான் காற்றடிக்க விடுவதில்லை, அது எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் போக வைத்தாலும் சரி. அந்த வளையத்தின் மேல் பல டன் விசை நிற்கிறது. சரியாக உட்காராமல் கிளம்பினால் எதிரில் இருப்பவர் பிழைப்பது கஷ்டம். பின்பக்க ஜோடியைக் கழற்றும்போது நட்டைத் தொடும் முன்பே இரண்டு டயரின் வால்வு பின்னையும் பிடுங்கிக் காற்றை முழுக்க இறக்கிவிடச் சொல்கிறேன். நேரமாகிறது என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இதுவரை மாற்றியது இரண்டு போல்ட்தான். ஒன்று உடைந்திருந்தது, அதன் இரு பக்கத்துப் போல்ட்களில் ஒன்றின் மரை தேய்ந்திருந்தது. ரெஞ்சோடு வந்த பிளாஸ்டிக் பெட்டி முதல் வருடமே உடைந்துவிட்டது. பழைய டியூபை வெட்டிச் சுற்றி, படுக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.