புஷ் மட்டுமா, முழு ஆர்மா, பாலியா? பழைய காரை வீட்டிலேயே பிரிப்பவர்களுக்கு ஓர் அலசல்

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம், பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது, டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகிறது. பத்துப் பதினைந்து வயதான காரில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது லோயர் ஆர்மின் பின்புற புஷ்ஷைத்தான். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு (சப்ஃபிரேம்) இணைக்கும் கீழ்க் கை, புஷ் என்பது அந்த மூட்டில் உட்காரும் ரப்பர் வைத்த உருளை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவில் ஒரு நெம்புகம்பியைக் கொடுத்து அசைத்தால் போதும், ரப்பர் கிழிந்து உள்குழாய் தனியாக ஆடுவது கண்ணுக்கே தெரியும். மேல்தோலில் மெல்லிய வெடிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். வயதான ரப்பர் எல்லாமே அப்படித்தான் இருக்கும், சுருக்கம் விழுந்தவரெல்லாம் நோயாளி இல்லையே.

சரி, புஷ் போய்விட்டது என்று உறுதியாகிவிட்டது. ரப்பரா பாலியா (பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் வகை) என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று முன்னால் இருக்கிறது: புஷ்ஷை மட்டும் மாற்றுவதா, ஆர்மையே மொத்தமாக மாற்றுவதா?

முழு ஆர்ம் வாங்கினால் வேலை வெறும் நட் போல்ட் வேலை. இரண்டு புஷ்ஷும் ஏற்கெனவே அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும், பல வண்டிகளில் பால் ஜாயிண்டும் (ஆர்மின் சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டு) கூடவே புதிதாக வந்துவிடும். பழையதைக் கழற்று, புதியதை மாட்டு, அவ்வளவுதான். பிரஸ் வேண்டாம், சுத்தியல் வேண்டாம், இடுப்பும் தப்பும். சிக்கல் எங்கே என்றால், மலிவான ஆர்மில் வரும் ரப்பர் பெரும்பாலும் மட்டமான ரப்பர். பளபளவென்று பெயின்ட் அடித்த புது இரும்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உங்கள் பழைய ஆர்ம் வளையாமல், துருவில் இளைக்காமல் இருந்தால், அந்த இரும்பு பல மலிவுப் பிரதிகளைவிட உறுதியாகவே இருக்கும். அதில் நல்ல தரமான புஷ்ஷை ஏற்றுவது பல நேரம் மட்டமான முழு ஆர்மைவிட அதிக நாள் ஓடும். ஆனால் பால் ஜாயிண்டும் ஆட்டம் கண்டிருந்தால் அந்தக் கணக்கு மாறிவிடும். அப்போது தரமான முழு ஆர்ம்தான், யோசிக்கவே வேண்டாம்.

தகட்டை மடித்துச் செய்த ஆர்மாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். புஷ்ஷைத் தாங்கும் வளையம் மெல்லியதாக இருக்கும். கண்டபடி அடித்தால் வட்டம் முட்டையாகிவிடும், அப்புறம் புதுப் புஷ் இறுக்கமாக உட்காராது. வார்ப்பு இரும்பிலோ அலுமினியத்திலோ செய்த கெட்டியான ஆர்மில் இந்தப் பயம் குறைவு.

இப்போது ரப்பரும் பாலியூரித்தேனும். இரண்டும் ஒரே ஓட்டையில் உட்கார்ந்தாலும் வேலை செய்யும் விதமே வேறு. ரப்பர் புஷ்ஷில் வெளிக்குழாய், ரப்பர், உள்குழாய் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், எதுவும் எதன் மீதும் வழுக்காது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. அதனால் கிரீஸ் தேவையில்லை, சத்தம் வராது, தூசி உள்ளே போக வழியில்லை. பாலி புஷ்ஷில் உள்குழாய் பிளாஸ்டிக் போன்ற அந்தப் பொருளுக்குள் சுழல்கிறது. சுழல்கிறது என்றால் உராய்வு உண்டு, உராய்வு உண்டென்றால் கிரீஸ் வேண்டும். கிட்டோடு வரும் பிசுபிசுப்பான சிலிக்கான் கிரீஸைக் கஞ்சத்தனம் பார்க்காமல் பூசாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் பழைய கட்டில் மாதிரி கிறீச்சிடும்.

பாலியின் பெரிய கவர்ச்சி, அதை ஏற்றுவது எளிது என்பதுதான். பெரும்பாலும் இரண்டு பாதிகளாக வரும், கையாலோ வைஸில் வைத்தோ தள்ளினால் போய்விடும். சில கிட்களில் பழைய புஷ்ஷின் வெளிக்குழாயை ஆர்மிலேயே விட்டுவிட வேண்டும், சிலவற்றில் அதையும் எடுத்தாக வேண்டும். குறிப்புத்தாளைப் படித்துவிட்டு அப்புறம் ஹேக்ஸாவைத் தொடுங்கள். படிக்காமல் குழாயை அறுத்துப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆனால் கடினம். ரப்பர் போன்ற பொருட்களின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் ரப்பர் புஷ் பெரும்பாலும் 50க்கும் 70க்கும் நடுவில் இருக்கும், பாலி 80க்கும் 95க்கும் நடுவில். ஸ்டீயரிங் கூர்மையாகும் என்பது உண்மைதான், கூடவே சாலையின் ஒவ்வொரு கல்லும் இருக்கைக்கு வந்து சேரும் என்பதும் உண்மை. இதைவிடப் பெரிய பிரச்சினை திசை. பல முன்சக்கர இயக்கக் கார்களில் பின்புற புஷ் செங்குத்தாக நிற்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது அது சுழல்வதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து ஆடுகிறது. ரப்பர் அந்தச் சாய்வை விழுங்கிவிடும், பாலி முரண்டு பிடிக்கும். முரண்டு பிடித்தால் அந்தப் பளு ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் இடத்துக்கும் போகிறது. பின் சஸ்பென்ஷனில் சக்கரத்தை முன்னாலிருந்து பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷுக்கும் இதே கதைதான். ஆக, தினமும் ஓட்டும் வண்டிக்கு என் கணக்கு இது: வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியான ஆன்டி ரோல் பார் புஷ்ஷுக்கு பாலி தாராளமாகப் போடலாம், அங்கே ஒரே அச்சில் சுழற்சி, மாற்றுவதும் பத்து நிமிட வேலை. லோயர் ஆர்முக்கு ரப்பர். முற்றிலும் இறுகிய உலோகக் கோள மூட்டுகள் பந்தயக்காரர்களுக்கு, அவற்றைப் பேசவே தேவையில்லை.

உள்ளே திரவம் நிரப்பிய புஷ் உங்கள் வண்டியில் வந்திருந்தால், அது கசிந்திருந்தால், சாதாரண கெட்டி ரப்பர் புஷ்ஷை அதே இடத்தில் போட முடியுமா என்று கேட்பார்கள். அளவு பொருந்தினால் போடலாம், ஆயுளும் நீளலாம். பிரேக் போடும்போது ஸ்டீயரிங்கில் வரும் நடுக்கத்தைத் திரவம் அடக்கிக்கொண்டிருந்தது, அது இனி இருக்காது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழையதை எப்படிப் பிடுங்குவது என்பதில்தான் ஆளுக்கொரு கொள்கை. தீ வைத்து ரப்பரை எரித்துவிட்டால் சுலபம் என்று ஒரு கூட்டம் உண்டு. சுலபம்தான், ஆனால் எரியும் ரப்பரின் புகை விஷம், அலுமினிய ஆர்மாக இருந்தால் சூட்டில் அதன் பலமும் போகும். நான் அந்தப் பக்கம் போவதில்லை. துளைபோட்டு ரப்பரைக் குடைந்து உள்குழாயை வெளியே தள்ளிவிட்டு, ஹேக்ஸா பிளேடை உள்ளே நுழைத்து வெளிக்குழாயை நீளவாக்கில் அறுத்து, உளியால் உள்நோக்கி மடக்கி எடுப்பது மெதுவான வழி, ஆனால் பத்திரமான வழி. பிளேடு ஆர்மைத் தொட்டுவிடாமல் கடைசி மில்லிமீட்டரில் நிதானம் வேண்டும்.

ஏற்றுவதற்கு ஹைட்ராலிக் பிரஸ் கிடைத்தால் ராஜயோகம். இல்லாதவர்களுக்கு மரைக்கம்பியும் சாக்கெட்டும். எம்14 அளவில், 8.8 வலிமைத் தரத்துக்குக் குறையாத கம்பி, இரு முனையிலும் நட்டும் தடித்த வாஷர்களும், ஒரு பக்கம் புஷ்ஷின் வெளிக்குழாய் விளிம்பில் மட்டும் உட்காரும் சாக்கெட், மறுபக்கம் புஷ்ஷைவிடப் பெரிய குழாய்த்துண்டு. நட்டை முறுக்க முறுக்க உள்ளே இழுபடும். சுத்தியலால் அடிப்பதைவிட இது நேராகப் போகும், கோணலானால் உடனே நிறுத்தித் திருத்த முடியும். வைஸும் செய்யும், ஆனால் வாய் போதுமான அளவு விரியாது, ஆர்மின் வளைவு இடிக்கும், பாதியில் சாய்ந்துகொள்ளும். எதைக் கொண்டு அழுத்தினாலும் உள்குழாயில் அழுத்தாதீர்கள். வெளிக்குழாயில் மட்டும். இல்லாவிட்டால் புதுப் புஷ்ஷின் ரப்பர் ஒட்டு ஏறும்போதே விட்டுவிடும்.

புஷ்ஷை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிடு என்ற யோசனை பலன் தரும், ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய் 48 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது சுமார் 0.023 மில்லிமீட்டர். கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். அலுமினிய ஆர்மை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினாலோ ஓட்டை 0.07 மில்லிமீட்டர் விரியும், அது நன்றாகவே தெரியும். வழுக்குவதற்கு சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் எண்ணெயும் சாதாரண கிரீஸும் ரப்பரைத் தின்னும்.

பழைய புஷ்ஷில் ரப்பருக்கு நடுவே வெற்றிடங்கள் இருக்கும், அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பெயின்ட்டால் ஆர்மில் குறித்துக்கொண்டு கழற்றுங்கள், இல்லாவிட்டால் கடினமான பக்கமும் மென்மையான பக்கமும் இடம் மாறிவிடும்.

ரப்பரைத் தேர்ந்தெடுத்தவர்கள் தவறவே கூடாத ஒன்று இருக்கிறது. முழு ஆர்ம் மாட்டினாலும் அதே விதிதான். என் முதல் முயற்சியில் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தபோதே எல்லா போல்டையும் முழு முறுக்கில் இறுக்கிவிட்டேன், சில மாதங்களிலேயே புது ரப்பர் கிழிந்து அதே 'டொக்' திரும்பி வந்தது. போல்டை இறுக்கியதும் உள்குழாய் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்கிறது, வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் கிடக்கிறது. சுழல்கிற பாலி புஷ்ஷுக்கு இந்தத் தலைவலி இல்லை, அதற்கு இந்த மதிப்பெண்ணைக் கொடுத்தே ஆகவேண்டும். ரப்பருக்கு, ஜாக்கி போடும் முன்பே சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை டேப்பால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது போல்டுகளைக் கையால் மட்டும் பிடித்துவைத்து, பால் ஜாயிண்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை தூக்கி, அங்கே முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். வண்டி ஸ்டாண்டைவிட்டு எழும்ப ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு, சக்கரத்தை மாட்டி சாய்தளத்தில் ஏற்றி இறுக்கலாம்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஸ்ட்ரட் என்ற ஒரே தண்டாகச் சேர்ந்திருக்கும் மக்ஃபெர்சன் வண்டிகளுக்குத்தான் இதெல்லாம். ஸ்பிரிங் நேராக லோயர் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியாக இருந்தால், ஸ்பிரிங் கம்ப்ரஸரும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் இல்லாமல் ஒரு போல்டைக்கூடத் தளர்த்தாதீர்கள். அந்த ஸ்பிரிங் அவிழ்ந்தால் ஆளையே வீசிவிடும். மற்றவர்கள், எதை மாட்டியிருந்தாலும், அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்கும் இடம்வரை மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள். போகும் வழியில் அந்த வேகத்தடையில் ஒருமுறை ஏறி இறங்கிக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.