பௌராவில்: ஐந்து பாகத்தில் மூன்று கொலை

அவுஸ்திரேலியக் குற்ற வழக்குப் பொட்காஸ்ட்டுகளில் ஒன்றைக் கேட்கத்தான் நேரம் என்றால் ‘பௌராவில்’லைக் கேளுங்கள். ‘த அவுஸ்திரேலியன்’ பத்திரிகைக்காக டான் பொக்ஸ் 2016இல் செய்தது. ஐந்தே பாகம், இழுவை இல்லை.

பௌராவில் நியூ சவுத் வேல்ஸில் ஒரு சின்ன ஊர். 1990 செப்டெம்பருக்கும் 1991 பெப்ரவரிக்கும் இடையில் அங்கே மூன்று பழங்குடிப் பிள்ளைகள் காணாமற்போனார்கள். இருவருக்கு 16 வயது, ஒன்றுக்கு 4. முதல் பிள்ளை எங்கேயாவது சுற்றிவிட்டு வருவாள் என்று பொலிஸார் அசட்டையாக இருந்துவிட்டார்கள். பிறகு அவளுடைய உடுப்புகள் கல் வைத்துப் பாரமேற்றியபடி நம்புக்கா ஆற்றில் அகப்பட்டன. உடல் கிடைக்கவேயில்லை.

இரத்தத்தையும் மர்ம இசையையும் நம்பி ஓடும் தொடர் அல்ல இது. வழக்கு எந்த இடத்தில் உடைந்தது என்று பிரித்துக் காட்டுவதுதான் இதன் பலம். மூன்றுக்கும் சந்தேகநபர் ஒருவரே. ஒரு கொலையில் 1994இல் விடுதலை, இன்னொன்றில் 2006இல் விடுதலை. முதல் பிள்ளைக்கு வழக்கே நடக்கவில்லை. ஒரே தெரு, ஐந்து மாதம், மூன்று பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்ட ஜூரி ஒன்றுகூட இல்லை. நம் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் தொடராக நடக்கும் ஒத்த செயல்களைப் பற்றியதுதான் என்பதால், மட்டக்களப்புக் கோட்டுப் பக்கம் புழங்குகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் சட்டென்று பிடிபடும்.

குறை ஒன்று: கதை 2016உடன் நின்றுவிடுகிறது. விடுதலையானவரை மறுபடி விசாரிக்கப் புதிய சான்று வேண்டும். முதல் பிள்ளை பற்றிய சான்று 2006இலேயே கொடுத்திருக்கக்கூடியது, ஆகவே புதியதல்ல என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் மறு விசாரணையை மறுத்தது. 2019இல் நாட்டின் உயர் நீதிமன்றமும் கதவைச் சாத்தியது. சந்தேகநபர் தொடரில் பேசுகிறார். சட்டப்படி அவர் விடுவிக்கப்பட்டவர். வட்ஸ்அப்பில் பகிரும்போது ‘கொலைகாரன்’ என்று தலைப்புப் போடாதீர்கள்.

கேட்பதற்கு: 128 கேபிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி போகும். வைஃபை உள்ள இடத்தில் ஐந்தையும் இறக்கிவைத்தால் டேட்டா மிச்சம். ஸ்பொட்டிஃபையின் இலவசக் கணக்கிலும் பொட்காஸ்ட்டை இறக்கலாம். குடும்பத்தார் பேசும் ஆங்கிலம் நம் காதுக்குப் பழகாதது. வேகத்தை 0.8க்குக் குறையுங்கள், அதற்குக் கீழே போனால் குரல் இழுபடும். ஐஃபோன்காரர்களுக்கு அப்பிள் பொட்காஸ்ட்ஸ் 2024இலிருந்து எழுத்து வடிவத்தையும் தருகிறது. அது இயந்திரம் எழுதுவதால் ஆட்பெயர், ஊர்ப்பெயரை மட்டும் நம்ப வேண்டாம். கல்முனை பஸ்ஸில் ஹோர்னுக்கும் பாட்டுக்கும் நடுவே கேட்டால் திகதிகள் தவறும், திகதி தவறினால் வழக்கே விளங்காது. முதல் இரண்டு பாகத்தையாவது வீட்டில் இருந்து கேளுங்கள்.