ஏற்காட்டு மலைப் பள்ளியில ஒரு வருஷமா ஸ்டோரிவீவர்: ஒரு டீச்சரோட ரிவ்யூ

வீடு சேலம் அஸ்தம்பட்டி, வேலை ஏற்காட்டுக்கும் மேல ஒரு சின்ன ஊர்ல. தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டுல இறங்கி இன்னொரு பஸ் புடிச்சு போகணும். ஈராசிரியர் பள்ளி, ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் சேர்த்து 31 பசங்க. என்கிட்ட இருக்கற ஒரே ரூம்ல மூணு கிளாஸ் உக்காந்திருக்கும். இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா டவுன்ல 40 பேருக்கு ஒரே பாடம் எடுக்கறவங்களுக்கும் எனக்கும் தேவை வேற வேறங்க, இந்த ரிவ்யூவை அதை மனசுல வெச்சு படிங்க.

ஸ்டோரிவீவர்னா பெங்களூர் பிரதம் புக்ஸ்காரங்க 2015ல ஆரம்பிச்ச கதை தளம். குழந்தைங்க படக்கதை எல்லாம் இலவசம், தமிழ்லயும் நிறைய இருக்கு. படிக்கலாம், டவுன்லோட் பண்ணி பிரிண்ட் போடலாம், ஒரு மொழில இருந்து இன்னொரு மொழிக்கு நாமளே மொழிபெயர்க்கலாம், நாமளே புதுசா கதையும் எழுதலாம். பெரும்பாலான கதைங்க சிசி பை 4.0ங்கற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல இருக்கு, அதாவது எழுதினவங்க வரைஞ்சவங்க பேரை போட்டுட்டு நாம அதை எடுத்து மாத்திக்கலாம், காப்பி போட்டு கொடுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. இந்த ஒரு விஷயம் டீச்சருக்கு எவ்ளோ பெருசுன்னு கிளாஸ்ல நின்னு பாத்தாதான் தெரியும்.

இதுக்கு முந்தின வருஷம் நடந்ததையும் சொல்லணும். ஒரு கம்பெனிக்காரங்க வந்து கார்ட்டூன் கதை ஆப் ஒண்ணு காட்டினாங்க, தெரிஞ்சவங்க ரெண்டு மூணு பேர் காசு போட்டு எங்களுக்கு வாங்கியும் கொடுத்தாங்க. சேலத்துல ஒரு கடையில செகண்ட் ஹேண்ட் ப்ரொஜெக்டரும் வாங்கினோம். ப்ரொஜெக்டர் லேம்ப் ரெண்டாவது மாசமே போச்சு, கடைக்காரர் வாரண்டி இல்லன்னுட்டார், அதைக்கூட விடுங்க. வேலை செஞ்ச நாள்ல என்ன ஆச்சுங்கறதுதான் எனக்கு வருத்தம். பசங்க வாயை திறக்காம பாத்தாங்க, அவ்ளோ அமைதியா என் கிளாஸ் இருந்ததே இல்ல, நானும் முதல்ல சந்தோஷப்பட்டேன். முடிஞ்சதும் "யாராவது கதையை திருப்பி சொல்லுங்க பாப்போம்"னு கேட்டா ரெண்டு வரிக்கு மேல ஒருத்தருக்கும் வரல. ஏன்னா கதை நிக்கவே இல்ல, ஓடிட்டே இருந்துச்சு. நடுவுல ஒரு குழந்தை "ஏன்"னு கேக்க இடமே இல்ல.

ஸ்டோரிவீவர்ல அப்படி இல்ல, அது பக்கம் பக்கமா நிக்குது. படம் ஒண்ணு, கீழ ரெண்டு மூணு வரி, அவ்ளோதான். நான் பண்றது என்னன்னா டேப்லெட்ல (டேப்னுதான் சொல்லுவோம்) கீழ இருக்கற எழுத்தை ஒரு அட்டையால மறைச்சுட்டு படத்தை மட்டும் காட்டி என்ன நடக்குதுன்னு கேப்பேன். ஒரு தடவை படத்துல பின்னாடி எல்லாம் வெள்ளையா மங்கலா இருந்துச்சு, நான் மழைன்னு நினைச்சேன். ரெண்டாவது படிக்கற பையன் ஒருத்தன் "மழை இல்ல டீச்சர், மேகம் இறங்கிருக்கு, பாருங்க யாருக்கும் தலை நனையல"ன்னான். உடனே நாலு பேர் அதுக்கு சண்டை, அப்புறம் அட்டையை எடுத்து எழுத்தை படிச்சு யார் சொன்னது சரின்னு பாக்கணும்னு அவங்களுக்கே அவசரம். எழுத்து கூட்டி படிக்கவே மாட்டேன்னு உக்காந்திருந்த பொண்ணு அன்னைக்கு முன்னாடி வந்து விரல் வெச்சு படிச்சா. 20 நிமிஷத்துல மூணு பக்கம்தான் தாண்டினோம், எனக்கு அது போதும்.

லெவல் பிரிச்சிருக்கறது எங்க மாதிரி கலப்பு வகுப்புக்கு ரொம்ப உதவி. மொத்தம் 4 லெவல். முதல் லெவல் 250 வார்த்தைக்குள்ள, சின்ன சின்ன வாக்கியம், வந்த வார்த்தையே திரும்ப திரும்ப வரும். மேல போக போக கதை நீளும். நம்ம தமிழ்நாடு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல கத்துக்கற நிலையை வெச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பசங்களை பிரிச்சு பாத்து பழகினவங்களுக்கு இது உடனே புடிபடும். ஆனா ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு அப்படியே பொருந்தும்னு நினைச்சுடாதீங்க, நாலாவது படிக்கற பிள்ளைக்கே முதல் லெவல் கதை தேவைப்படும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லன்னு அந்தக் குழந்தைக்கு புரியற மாதிரி நாமதான் கொடுக்கணும். நான் லெவல் நம்பர் போட்ட அட்டைப் பக்கத்தை பசங்க கையில கொடுக்கறதே இல்ல.

இங்கிலீஷ் பீரியடுக்கு ரீட் அலாங் கதைங்க நல்லா இருக்கு, குரல் படிக்க படிக்க அந்தந்த வார்த்தை கலர் மாறும், காதும் கண்ணும் சேர்ந்து போகும்.

நெட்வொர்க் பத்தி கேப்பீங்க. எங்க ஊர்ல மழை காத்துன்னா கரண்ட் போகும், சிக்னல் ஜன்னல் ஓரத்துல ஒரு கோடு வரும் போகும். அதனால நான் பள்ளியில இருந்து தளத்தை திறக்கறதே அபூர்வம். ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காந்து அந்த வாரத்துக்கு நாலு கதை எடுத்து பிடிஎஃப்பா இறக்கி டேப்ல போட்டுக்குவேன், அதுல ஒண்ணை புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடையில கருப்பு வெள்ளையில பிரிண்ட் எடுத்து, ரெண்டா மடிச்சு நடுவுல ஸ்டேப்ளர் அடிச்சா புத்தகம். கலர்ல எடுத்தா அழகுதான், ஆனா பசங்களுக்கு கருப்பு வெள்ளைன்னா அவங்களே கலர் அடிச்சுக்கலாம்ங்கறது ஒரு பெரிய சந்தோஷம். இப்போ ரூம்ல கயிறு கட்டி 60 புத்தகத்துக்கு மேல தொங்குது. அதோட பக்கத்துல 2023ல வந்த அரசோட வாசிப்பு இயக்கம் புத்தகங்களையும் மாட்டிருக்கேன், குட்டி குட்டியா கைக்கு அடக்கமா இருக்கும், பசங்க எது எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்கறதில்ல, படம் புடிச்சா எடுத்துக்கறாங்க.

கதை தேர்ந்தெடுக்க நேரம் ஒதுக்கணும், அதை மறைக்க விரும்பல. கடல் கதை, கப்பல் கதை வந்தா எங்க பசங்கள்ல பாதி பேருக்கு தண்ணின்னா ஏற்காடு ஏரியும் கிளியூர் அருவியும்தான், அதனால முதல்ல அதுல இருந்து பேச்சை ஆரம்பிச்சுட்டுதான் கடலுக்கு போவேன். எழுத்துத் தமிழ்ல இருக்கற வரியை வாசிச்சுட்டு உடனே அவங்க வீட்டுல பேசற மாதிரி ஒரு தடவை சொல்லுவேன். இதெல்லாம் டீச்சர் வேலை, எந்த டேப்பும் செய்யாது.

இனிமே சொல்லப்போறதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். எங்க பசங்க பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள், கேரளத்துக்காரங்க இல்ல, மலையை ஆளறவங்க, பேச்சு தமிழ்தான். இவங்க முன்னோர் காஞ்சிபுரத்துல இருந்து வந்த அண்ணன் தம்பி மூணு பேர், பெரியண்ணன் ஏற்காடு இருக்கற இந்த சேர்வராயன் மலைக்கு வந்தார், நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு போனாங்கன்னு ஒரு கதை இருக்கு. ஒரு குழந்தையோட பாட்டியை பள்ளிக்கு கூப்பிட்டு சொல்ல சொன்னேன். "நான் என்ன படிச்சவளா டீச்சரம்மா, எனக்கு என்ன தெரியும்"னு வாசல்லயே நின்னாங்க, உள்ள வந்து ஆரம்பிச்ச அப்புறம் முக்கால் மணி நேரம் நிறுத்தல. ஃபோன்ல பதிவு பண்ணி, பசங்களை வெச்சு கேட்டு கேட்டு எழுத வெச்சோம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பையனோ பொண்ணோ படம் வரைஞ்சாங்க. அதுவரைக்கும் பக்கத்துக்கு ஒரு வரி எழுத அழுத பிள்ளைங்க பாட்டி சொன்னதை விடக்கூடாதுன்னு பின்பக்கமும் எழுதினாங்க. ஸ்டோரிவீவர்ல நம்ம சொந்தப் படத்தை ஏத்தி கதையா கோக்க வழி இருக்கு, ஒரு பக்கம் படம் ஒரு பக்கம் எழுத்துன்னு வெச்சா கிட்டத்தட்ட அச்சுப் புத்தகம் மாதிரியே வருது. ஃபோட்டோ எடுக்கறப்போ வெயில் நேரத்துல ஜன்னல் பக்கம் வெச்சு எடுங்க, டியூப் லைட்ல எடுத்தா நிழல் விழும்.

ஆனா பப்ளிஷ் பட்டனை நான் இன்னும் அழுத்தல. அழுத்தினா அந்த லைசென்ஸ்ல உலகத்துல யாரு வேணா எடுத்து மாத்திக்கலாம், மத்த கதைங்கள்ல எனக்கு உதவின அதே விஷயம்தான், இங்க அது பாட்டியோட ஊரோட சொத்து. யாரையும் கேக்காம நான் கொடுத்துட முடியாது. பாட்டிகிட்டயும் ஊர்ப் பெரியவங்ககிட்டயும் இதை பொறுமையா விளக்கினேன், "எங்க கதை வெளிய போனா நல்லதுதானே"ன்னாங்க, ஆனா அந்த கூட்டத்துலயே இன்னொரு பாட்டி எழுந்து கதையில ஒரு இடம் அப்படி இல்லவே இல்லன்னுட்டாங்க. பசங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு இன்னும் பேசிட்டு இருக்காங்க. வெளியிட்டாலும் பசங்க முழுப் பேரும் ஃபோட்டோவும் போடறதா இல்ல, பள்ளிப் பிள்ளைங்கன்னு மட்டும்தான் போடுவேன், மத்த டீச்சர்களும் இதுல கவனமா இருங்க.

புதுசா ஆரம்பிக்கறவங்க ப்ரொஜெக்டருக்கு காசு சேக்கறதுக்கு முன்னாடி ஒரு டேப், ஒரு ஸ்டேப்ளர், ஒரு கயிறு வெச்சு ஒரு மாசம் பாருங்க. அஞ்சுக்கு நாலரை ஸ்டார் கொடுக்கறேன், அந்த அரை ஸ்டார் இந்த ஊர்க் கதைங்க எல்லாம் அதுல ஏறின அப்புறம் கொடுக்கலாம்னு வெச்சிருக்கேன்.

இப்போ காப்பிப் பழம் பறிக்கற நேரம், பாட்டிங்க ரெண்டு பேரும் எஸ்டேட்டுக்கு போயிடறாங்க, பெரிய பசங்கள்ல சிலரும் கூட போறதால கிளாஸே பாதிதான் இருக்கு. பொங்கல் முடிஞ்சு ரெண்டு பாட்டியையும் ஒண்ணா உக்கார வெச்சு அந்த இடத்தை கேக்கணும், அதுவரைக்கும் கதை ட்ராஃப்ட்லயே இருக்கும்.