கடைக்கு வந்தவருக்கு அடிபட்டால் எந்த பாலிசி கைகொடுக்கும்?

வங்கிக் கடனில் கடை நடத்துகிற பலரிடம் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்பார்கள். எடுத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் தீ பாலிசியாக இருக்கும். 2021 ஏப்ரலிலிருந்து, ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்கு அது 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பெயரில் வருகிறது. கட்டடமோ சரக்கோ தீயிலோ வெள்ளத்திலோ போனால் பணம் கிடைக்கும். கழுவிவிட்ட தரையில் வழுக்கி விழுந்து வாடிக்கையாளருக்கு இடுப்பெலும்பு முறிந்தால், அவர் கேட்கும் நஷ்டஈட்டுக்கு அதில் வழி இல்லை. வங்கி கேட்டது தன் கடனுக்கு ஈடான சொத்தின் பாதுகாப்பு. கடைக்கு வந்துபோகிறவரைப் பற்றி யோசிக்க வேண்டியது கடைக்காரர்தான்.

அதற்கென்று இங்கே மூன்று வழிகள் உண்டு: ஷாப்கீப்பர்ஸ் பேக்கேஜில், பிறருக்கு நேரும் கேட்டுக்கு ஈடுகொடுக்கும் பொறுப்புப் பிரிவு, தனியாக எடுக்கும் பப்ளிக் லயபிலிட்டி (பொதுப் பொறுப்பு) பாலிசி, சிஜிஎல் எனப்படும் கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி. மூன்றையும் ஒரு மெஸ்ஸில் வைத்துப் பார்ப்போம். வாடகைக் கட்டடம், கீழே சமையல், மாடியில் சாப்பாடு, ஏழெட்டு ஆட்கள், பின்கட்டில் கேஸ் சிலிண்டர்கள்.

பேக்கேஜ்தான் விலை குறைவு. தீ, திருட்டு, கல்லாப் பணம், கண்ணாடி, பெயர்ப்பலகை என்று பிரிவு பிரிவாக இருக்கும். அந்த வரிசையில் மூன்றாம் நபர் பொறுப்பும் ஒன்று. பல கம்பெனிகளில் அது விருப்பப் பிரிவு; கேட்டு வாங்கவில்லை என்றால் பாலிசியில் இருக்காது. பேக்கேஜ் வைத்திருப்பவர்கள் அட்டவணைப் பக்கத்தைத் திறந்து, அந்தப் பிரிவுக்கு எதிரே தொகை போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். தொகை இருந்தாலும் பெரும்பாலும் சிறியதாகத்தான் இருக்கும். ஜவுளிக்கடை, ஸ்டேஷனரி, செல்போன் கடை போன்றவற்றுக்கு அந்தத் தொகையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. மெஸ்ஸுக்கு அது போதாது. சாப்பாட்டால் வரும் கேடு அதில் சேருமா என்று கேட்டால், தெளிவான பதில் எழுத்தில் கிடைப்பது அரிது.

தனி பப்ளிக் லயபிலிட்டி பாலிசியில் தொழிற்சாலைகளுக்கு ஒரு வகை, மற்ற இடங்களுக்கு ஒரு வகை என்று இரண்டு உண்டு. ஹோட்டல், தியேட்டர், பள்ளி, குடோன், கடை எல்லாம் இரண்டாவதில் வரும். உணவு, பானங்களால் வரும் பொறுப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டி இதில் சேர்த்துக்கொள்ளலாம். லிப்ட் இருந்தால் அதையும் சேர்க்கலாம். மெஸ் நடத்துகிறவர் இதைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இந்த பாலிசியில் நிதானமாகப் பார்க்க வேண்டியது இழப்பீட்டு வரம்பு. இரண்டு எண்கள் இருக்கும். ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஓர் ஆண்டுக்கு மொத்தமாக இவ்வளவு. இரண்டும் சமமாக இருக்கலாம், ஆண்டு வரம்பு இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்றும் இருக்கலாம். ஆண்டு வரம்பு பெரிதாகத் தெரிந்தால் மனம் அதில் போய் நிற்கும். ஆனால் மாடியில் 30 பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கீழே சிலிண்டர் வெடித்தால், எத்தனை பேருக்குக் காயம் என்றாலும் அது ஒரே விபத்து. டெல்லி உப்ஹார் தியேட்டரில் 1997 ஜூனில் நடந்த தீயில் 59 பேர் இறந்தார்கள். நஷ்டஈடு வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், இறந்தவர் 20 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் 10 லட்சம், குறைந்தவர் என்றால் 7.5 லட்சம் என்று வைத்து, வட்டியும் சேர்த்தது. உயர் நீதிமன்றம் தந்திருந்த தொகையைக் குறைத்த பிறகு வந்த கணக்கு அது. ஒரு விபத்துக்கு 5 லட்சம் வரம்பு வைத்திருக்கும் மெஸ்காரர் இந்தக் கணக்கைத் தன் மாடியில் எத்தனை நாற்காலி என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சிஜிஎல் மூன்றில் அகலமானது. கடைக்குள் நடப்பது, விற்ற பொருளால் பின்னால் வருவது, செய்து முடித்த வேலையால் வருவது, விளம்பரத்தில் பிறர் பெயரைக் கெடுத்ததாக வரும் வழக்கு எல்லாம் ஒரே பாலிசிக்குள் வரக்கூடும். அமெரிக்காவில் புழங்கும் வடிவத்தில், யார் தவறு என்று பார்க்காமல் சிறு மருத்துவச் செலவு கொடுக்கும் பிரிவும் உண்டு. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளரிடம் அமெரிக்க வாங்குபவர் கேட்பது இதைத்தான். தன் பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொல்வார். அங்கேதான் கவனம் தேவை. அமெரிக்கா, கனடா நீதிமன்ற வழக்குகளைத் தனியாகக் கேட்டுச் சேர்க்கவில்லை என்றால் அவை விலக்கப்பட்டிருக்கும். அவற்றைச் சேர்ப்பதால்தான் பிரீமியம் எகிறுகிறது. உள்ளூரில் மட்டும் விற்கிற மெஸ்ஸுக்கு இவ்வளவு அகலம் தேவையில்லை. ஊறுகாய், பொடி வகைகளைப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறவர் மட்டும் யோசிக்க வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் குறையால் வரும் கேட்டுக்குத் தயாரிப்பாளர்மீது நேரடியாகப் பொறுப்பு சுமத்துகிறது. அவருக்கு சிஜிஎல் வேண்டும், அல்லது பப்ளிக் லயபிலிட்டியோடு தனி புராடக்ட் லயபிலிட்டி வேண்டும்.

1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் எடுக்கும் பாலிசி வேறு. போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு, அபாயமான ரசாயனங்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கையாளுகிறவர்களுக்காக வந்தது அது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஏஜென்ட்டிடம் பேசும்போது குழப்பம் வரும்.

முதலில் சொன்ன மூன்றிலும் பொதுவாகச் சேராதவை உண்டு. சமையல்காரருக்குக் கொதிக்கும் எண்ணெயில் கை வெந்தால் அது ஊழியர் இழப்பீட்டு பாலிசியின் வேலை, அல்லது இஎஸ்ஐ. தையல் கடையில், டிரை கிளீனிங்கில் வாடிக்கையாளர் ஒப்படைத்த பட்டுப்புடவை கருகினால், அது உங்கள் பொறுப்பில் இருந்த பொருள் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். பியூட்டி பார்லரில் சிகிச்சைத் தவறுக்குத் தொழில்முறைப் பொறுப்பு பாலிசி தனியாக வேண்டும்.

விபத்து நடந்ததும் 'ஆஸ்பத்திரி செலவை நாங்க பாத்துக்குறோம்' என்று சொல்வது நம் ஊரில் இயல்பு. முதலுதவியும் ஆம்புலன்ஸும் தாமதிக்கக் கூடாது, அதில் பேச்சே இல்லை. ஆனால் கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ தொகை பேசுவதோ கூடாது என்று மூன்று பாலிசிகளிலும் நிபந்தனை இருக்கும். அதனால் அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும்.

கம்பெனி மாற்றுகிறவர்கள் ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். சிஜிஎல்லில் சம்பவம் நடந்த தேதியை வைத்துப் பார்க்கும் வகை கிடைக்கும். அதில் விபத்து பாலிசி காலத்துக்குள் நடந்திருந்தால் போதும், வழக்கு பிறகு வந்தாலும் அந்த பாலிசிதான் பதில் சொல்லும். பப்ளிக் லயபிலிட்டி பெரும்பாலும் கிளைம் வரும் தேதியைப் பார்க்கும். விபத்தும் கோரிக்கையும் இரண்டுமே, முதல் பாலிசி எடுத்த நாளாகக் குறித்திருக்கும் 'ரெட்ரோஆக்டிவ் டேட்'டுக்குப் பிறகு இருக்க வேண்டும். கோரிக்கை பாலிசி நடப்பில் இருக்கும்போது வர வேண்டும். ஒரு வருஷம் புதுப்பிக்காமல் விட்டாலோ, புதிய கம்பெனி அந்தப் பழைய தேதியை எழுதாமல் விட்டாலோ, போன வருஷம் விழுந்தவர் இந்த வருஷம் அனுப்பும் நோட்டீஸுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஆயிரம் ரூபாய் குறைவாக வரும் கொட்டேஷனுக்குச் சரி சொல்லும் முன், அதில் எந்தத் தேதி போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.